வீட்டுக்காரருக்காக ஒரு சட்டம்

டேவிட்சன் சாருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. பயம் வந்து பார்க்காதவர்களும் இல்லை. திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற ரோட்டில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அவர் தலைமை ஆசிரியர். நல்ல மனுஷன், அதில் சந்தேகமே வேண்டாம். சத்துணவு வேகவில்லை என்றால் சமையல்காரம்மாவைத் திட்டமாட்டார், தானே கரண்டி பிடித்துக் கிளறுவார். காய்ச்சல் வந்த பிள்ளையைத் தன் ஸ்கூட்டரிலேயே உட்கார வைத்து வீட்டில் கொண்டுபோய் விடுவார். ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டால் போதும், மனுஷனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. "இதுக்கு விதியில இடம் இருக்கா?" என்று கேட்காமல் அவர் தண்ணிகூடக் குடிக்கமாட்டார் என்று ஆசிரியர்கள் அறையில் ஒரு பேச்சு உண்டு. அந்த அறைப் பேச்சில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதி நிஜம்தான்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஆண்டவர் யூனிஸைக் கட்டி வைத்தாரே, அதுதான் வேடிக்கை.

யூனிஸ் இன்சூரன்ஸ் ஏஜென்ட். திருத்தணி டவுனில் அவள் ஏறி இறங்காத வாசல் கிடையாது. "வேணாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தவன், வாயை மூடுவதற்குள் நாமினி பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பான். அவளைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஒளிந்த ஒரு மளிகைக் கடைக்காரர், கடைசியில் தன் மச்சானையும் சேர்த்து இரண்டு பாலிசி எடுத்தார். இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு கேட்டுக்குள் மட்டும் நுழைய முடியவில்லை. அது அவள் புருஷனுடைய பள்ளிக்கூடத்து கேட்.

நுழைந்து என்ன செய்யப் போகிறாளாம்? அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக ஜனம் வந்துகொண்டே இருக்கும். பாதிக் கூட்டம் ஆந்திரப் பக்கத்து ஜனம். யார் குழந்தை யார் கையில் இருக்கிறது என்று அந்த முருகனுக்கே குழப்பம் வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் நீலத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சில பிள்ளைகள் நிற்பார்கள். தண்ணீர் கொடுப்பது, மயங்கி விழுந்தவர்களுக்கு முதலுதவி செய்வது, தொலைந்த குழந்தைகளைத் தாயிடம் சேர்ப்பது, இதுதான் அவர்கள் வேலை. 'மலையடி இளையோர் சேவை அணி' என்று அதை முறையாகப் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்களில் பயிற்சி கொடுத்து நடத்துகிறவள் யூனிஸ். ஊரில் அந்தப் பெயர் யாருக்கும் வாயில் நுழையாது. நீலத்துண்டுப் பசங்க என்றால்தான் தெரியும்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது யூனிஸுக்குத்தான் பொருந்தும். சர்ச் சபையில் ஒரு பெரியவர், "முருகன் கோயில் அடிவாரத்துல உனக்கு இன்னாம்மா வேலை?" என்று கேட்பார். கடைவீதியில் ஒருத்தர், "சர்ச்சு அம்மா பசங்கள சேக்குதே, எதுக்கோ?" என்று முணுமுணுப்பார். அவள் இரண்டு பேரிடமும் சிரித்துக்கொண்டே பேசி, இரண்டு பேர் வீட்டிலும் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

ஆனால் இப்போது அவளுக்கே சிரிப்பு குறைந்துவிட்டது. அணியில் பெரிய பிள்ளைகள் எல்லாம் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது டவுன் பிள்ளைகள் கொஞ்சம் பேர். அவர்களுக்குத் தெலுங்கு வராது. போன ஆடியில் ஒரு சின்னப் பெண் குழந்தை "மா அம்மா ஏதி? மா அம்மா ஏதி?" என்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருக்க, இவர்கள் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு முழித்தார்கள். ஊர் என்ன, அப்பா பெயர் என்ன என்று அதனிடம் கேட்டு வாங்க ஆள் இல்லை. அம்மா கிடைக்கச் சாயந்திரம் ஆகிவிட்டது. பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் அப்போதே சொல்லிவிட்டார்: "அடுத்த ஆடிக்கு தெலுங்கு பேசற பசங்க இல்லன்னா உங்களுக்கு அடிவாரத்துல இடம் குடுக்க முடியாதும்மா. இருக்கற கூட்டத்துல நீங்களும் ஒரு கூட்டம் ஆயிடுவீங்க." அடிவாரத்தில் இடம் போனால் அணியே போனமாதிரிதான். வேறு எதற்காக அந்தத் துண்டைக் கட்டுவது?

தெலுங்கு பேசும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? டேவிட்சன் சாரின் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். பாதி வகுப்புக்கு மேல் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அப்பாவை நைனா என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த மூச்சில் தமிழில் அடம்பிடிக்கிற பிள்ளைகள். ஆனால் அந்த அணியில் தாங்களும் சேரலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

"ஏங்க, காலைல பிரேயர்ல பதினஞ்சு நிமிஷம். நான் வந்து பேசிட்டு போயிடறேன். இஷ்டம் இருக்கறவங்க சேரட்டும்."

"வெளியாட்கள் பள்ளி வளாகத்துக்குள்ள வரக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்குது யூனி."

"நான் வெளியாளா?"

டேவிட்சன் சார் கொஞ்சம் யோசித்தார். பாவம், யோசித்திருக்கக் கூடாது. "வீட்டுல இல்ல," என்றார். "வளாகத்துல."

அன்றைக்கு அவருக்கு ரசம் சாதம் மட்டும்தான் கிடைத்தது. அப்பளம்கூட இல்லை.

சுற்றறிக்கை ஒரு சாக்கு. நிஜமான காரணத்துக்குப் பிரேமா என்று பெயர். பிரேமா அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம், பிள்ளைகள் அங்கேதான் படிப்பு. ஒரு தடவை சத்துணவு முட்டை அழுகி வந்தது. பிரேமா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முட்டைகளை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, பஸ் ஏறிப் போய், கலெக்டர் ஆபீசில் மேசைமேல் வைத்துத் திறந்து காட்டிவிட்டு வந்தாள். அந்த வாடை இன்னும் அந்த ஆபீசில் இருக்கிறது என்று சொல்கிறார்கள். அதிலிருந்து டேவிட்சன் சாருக்குப் பிரேமாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே தொண்டை வறண்டுவிடும். தான் கிறிஸ்தவர், பெண்டாட்டி கிறிஸ்தவள். அவளை உள்ளே விட்டு, "ஹெட்மாஸ்டரே மதம் மாத்த ஆள் இட்டுனு வராரு" என்று பிரேமா ஒரு நாள் கிளம்பிவிட்டால்? இதை அவர் யூனிஸிடம் சொன்னதே இல்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்ன?

யூனிஸ் மேலே போனாள். ஒரு ஆபீசில் கேட்டால் அடுத்த ஆபீசைக் காட்டினார்கள். அடுத்த ஆபீசில் அதற்கு அடுத்ததைக் காட்டினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது பழமொழி. இங்கே சாமியும் பூசாரியும் ஒரே குரலில் சொன்னார்கள்: "சட்டத்துல அதுக்கு இடம் இல்லம்மா."

"அப்ப சட்டத்துல இடம் பண்ணிட்டு வரேன்," என்றாள் யூனிஸ், கடுகு தீர்ந்துபோனால் கடைக்குக் கிளம்புகிற மாதிரி.

டேவிட்சன் சார் சிரித்தார். "சட்டம் இன்னா யூனி, சந்தையில விக்கற கத்தரிக்காயா?"

யூனிஸ் அன்றைக்கே ஸ்கூட்டியை எடுத்தாள். கே.ஜி.கண்டிகையில் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிற கந்தன் மாஸ்டரைப் பார்த்தாள். ரத்த தானம் செய்கிற பையன்களைப் பார்த்தாள். ஏரிக்கு வருகிற பறவைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற ஒரு சின்னக் குழுவைப் பார்த்தாள். எல்லாருக்கும் இதே பாடுதான். பள்ளிக்கூடத்து கேட்டில் வாட்ச்மேனிடம் நோட்டீசைக் கொடுத்துவிட்டு, அவர் அதில் வடை மடித்துத் தின்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். பதிவு பெற்ற எந்த இளையோர் அமைப்பானாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளியில் வந்து மாணவர்களிடம் பேச வழி செய்து ஒரு சட்டம் வேண்டும் என்று. சட்டமன்றத்திலிருந்து மனுக்களை விசாரிக்கிற குழு ஒன்று திருத்தணிக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. யூனிஸின் மனு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

இதுவரைக்கும் டேவிட்சன் சாருக்கு ஒரு சங்கடமும் இல்லை. பெண்டாட்டி மனு போட்டால் போடட்டும். எந்தச் சுற்றறிக்கையும் அதைத் தடுக்கவில்லை. அப்போதுதான் கல்வி அலுவலகத்திலிருந்து முரளிதரன் போன் செய்தார். அவர் அங்கே கண்காணிப்பாளர்.

"சார், அந்தக் குழு முன்னாடி பள்ளிங்க தரப்புல இருக்கற சங்கடத்த ஒருத்தர் எடுத்துச் சொல்லணும். உங்க ஆண்டு விழா பேச்ச கேட்டிருக்கேன். இன்னா தமிழ் சார்! நீங்கதான் பேசறீங்க."

"சார், அந்த மனு போட்டதே என்…"

"தெரியும் சார், வீட்டம்மாதான். அதனால இன்னா? வீடு வேற, ட்யூட்டி வேற." போனை வைத்துவிட்டார்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அந்த ஆண்டு விழாத் தமிழ் டேவிட்சன் சாருடையது இல்லை. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அவர் பேசுகிற பேச்செல்லாம் யூனிஸ் எழுதிக் கொடுப்பதுதான். தாளைப் பார்த்துப் படித்தால் அவருக்குக் குரல் நடுங்கும், அதனால் மனப்பாடம் செய்துகொண்டு போவார். எப்படியும் ஓரிடத்தில் மறந்துபோகும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் யூனிஸ் சத்தம் வராமல் உதட்டை அசைத்து முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். அதைப் பிடித்துக்கொண்டு மீதியைப் பேசி முடித்துவிடுவார். ஊருக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றிரண்டு பேரும் வெளியில் சொன்னதில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் அவர் கேழ்வரகு அடையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களதான் போட்டுட்டாங்களா?" என்றாள் யூனிஸ்.

"யார் சொன்னது?"

"உங்க மூஞ்சிதான். எழுதிட்டீங்களா?"

"எழுத வரல யூனி."

யூனிஸ் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "சரி, பேனா எடுங்க. பாட நேரம் வீணாவும்னு முதல்ல போடுங்க. அப்பால, பிள்ளைங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னு கேளுங்க. ஒருத்தர விட்டா பின்னாடியே கட்சிக்காரங்க கொடியோட வருவாங்க, அதையும் போடுங்க."

டேவிட்சன் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ உனக்கே எதிரா எழுதிகினு இருக்க."

"அரைகுறையா எதிர்த்தீங்கன்னா அது எனக்குத்தான் அசிங்கம். என் தொழில்ல இன்னா தெரியுமா? வேணான்றவன் மனசுல இருக்கற காரணம் வாய் வழியா வெளிய வந்துடணும். வந்துட்டா பதில் சொல்லிடலாம். உள்ளயே வெச்சிகினு சும்மா தலைய ஆட்டறவன்கிட்டதான் ஒண்ணும் நடக்காது. கடைசியா இத எழுதுங்க: 'இளைஞர் அமைப்பு என்ற பெயரில் மதப் பிரசாரம் நுழைந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள்.'"

பேனா நின்றது. "அது வேணாம் யூனி."

"ஏன்? அதானே உங்க காரணம்? மத்ததெல்லாம் மேல தூவற கொத்தமல்லி. கொழம்பே இதுதான்."

இத்தனை நாள் மூடி வைத்ததை அவள் அடைத் தட்டுக்குப் பக்கத்தில் சாதாரணமாக எடுத்து வைத்துவிட்டாள். டேவிட்சன் சாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். எழுதுங்க. நீங்க சொன்னாதான் நான் பதில் சொல்ல முடியும்."

எழுதினார். எழுதியதை ஸ்கூட்டரில் போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார்.

விசாரணை ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடையில் உறுப்பினர்கள், நடுவில் குழுத் தலைவர். பெரிய குரல்காரர், டீ டம்ளரைக் கீழே வைக்காமலே எல்லா மனுவையும் கேட்டார். ஏரி ஆக்கிரமிப்பு முடிந்தது, மணவூர் பக்கம் பஸ் வரவில்லை என்கிற மனு முடிந்தது. அப்புறம் யூனிஸ் எழுந்தாள். நீளமாகப் பேசவில்லை. போன ஆடியில் அழுத குழந்தையைப் பற்றிச் சொன்னாள். அந்தக் குழந்தையோடு பேசத் தெரிந்த பிள்ளைகள் கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், வெளியாள் வரக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கையைக் காட்டுகிறார்கள், அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வழி இல்லை, இந்த ஆடிக்குள் சொல்லாவிட்டால் என் அணியை மூட வேண்டியதுதான் என்றாள். உட்கார்ந்தாள்.

"பள்ளிகள் தரப்புல யாரு?"

டேவிட்சன் சார் மைக்கைப் பிடித்தார். பாட நேரம் என்று ஆரம்பித்தார். அருவியாகக் கொட்டியது. பிள்ளைகளின் பாதுகாப்பு என்றார். கட்சிக் கொடி என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த மற்றத் தலைமை ஆசிரியர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தர் கையே தட்டிவிட்டார். முரளிதரன் பூரித்துப் போய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், ஏதோ தான் பெற்ற பிள்ளை பேசுகிற மாதிரி.

"கடைசியாக ஒன்று," என்றார் டேவிட்சன் சார். நின்றுவிட்டார்.

மறக்கவில்லை. ஒரு எழுத்து மறக்கவில்லை. எதிரில் மனுதாரர்கள் வரிசையில், கந்தன் மாஸ்டருக்குப் பக்கத்தில், அவருடைய பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யார் யார் பிள்ளைக்கோ கட்டுப் போடச் சொல்லிக் கொடுக்கிறவள். அவளைப் பார்த்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அவ்வளவுதான்.

மண்டபம் காத்திருந்தது. யூனிஸ் உதட்டை அசைத்தாள். அவர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அசைத்தாள். அவளுக்குப் பதற்றம் வந்துவிட்டது. அந்தக் காரணம் வெளியே வராவிட்டால் தன் பதிலும் வெளியே வராது. பொறுக்கமுடியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டாள்: "'இளைஞர் அமைப்பு என்ற பெயரில்'… சொல்லுங்க, சொல்லுங்க!"

அவள் முன்னாலும் ஒரு மைக் இருந்தது. அதை அணைக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

தலைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்மா, மனு போட்டது நீங்கதானே?"

"ஆங், நான்தாங்க."

"அப்ப அவரு பேச வேண்டியத நீங்க ஏன் எடுத்துக் குடுக்கறீங்க?"

"எழுதினதே நான்தாங்க."

"அவரு உங்களுக்கு யாரு?"

"வீட்டுக்காரருங்க."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பஸ் மனுக்காரர்கள்கூட வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். முரளிதரன் மட்டும் சிரிக்கவில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எழுதினவங்களே மீதிய சொல்லுங்க," என்றார்.

யூனிஸ் சொன்னாள். மதப் பிரசாரம் என்கிற வார்த்தை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது எல்லார் மனசுலயும் இருக்குதுங்க. யாரும் வாய்விட்டு சொல்லமாட்டேன்றாங்க. நான் கிறிஸ்டியன். ஆடிக் கிருத்திகைக்கு முருகன் மலையடியில நிக்கறேன். எங்க சபையிலயும் கேக்கறாங்க, கடைவீதியிலயும் கேக்கறாங்க. கேக்கறது தப்பு இல்லங்க, அவங்க பிள்ளைங்க. அதனாலதான் சட்டம் கேக்கறேன். நாங்க பேசும்போது ஒரு வாத்தியார் கூட இருக்கணும்னு எழுதுங்க. பெத்தவங்க கையெழுத்து இல்லாம யாரையும் சேக்கக்கூடாதுன்னு எழுதுங்க. எல்லா அமைப்புக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. சாமி பத்தியோ கட்சி பத்தியோ எவனாவது ஒரு வார்த்த பேசினா மறுபடியும் அந்த வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு எழுதுங்க. அது நானா இருந்தாலும் சரி."

தலைவர் முரளிதரன் பக்கம் திரும்பினார். "அந்தச் சுற்றறிக்கை என்ன சொல்லுது? வெளியாள் வரவே கூடாதுன்னா, இல்ல அனுமதி இல்லாம வரக்கூடாதுன்னா?"

முரளிதரன் தொண்டையைக் கனைத்தார். "அனுமதி இல்லாமன்னுதாங்க…"

"அனுமதி யார் குடுக்கறது?"

"தலைமை ஆசிரியரும் மேலாண்மைக் குழுவும் சேர்ந்து முடிவு பண்ணலாம்ங்க. ஆனா யாரும் பண்றது இல்லங்க."

"பாத்தீங்களாம்மா," என்றார் தலைவர். "தடுக்கற சட்டம் ஒண்ணும் இல்ல. அப்பறம் எதுக்கு புதுசா ஒரு சட்டம்?"

நியாயமான கேள்விதான். கந்தன் மாஸ்டர் முகம் தொங்கிவிட்டது. யூனிஸ் ஒரு நிமிஷம் புருஷனைப் பார்த்தாள்.

"தைரியமானவங்களுக்கு சட்டம் வேணாம்ங்க, அவங்க தொறந்துடுவாங்க. எங்க வீட்டுக்காரர் கெட்டவர் இல்லங்க. அவரு மாதிரி பிள்ளைங்கள பாத்துக்கறவங்க கெடைக்கமாட்டாங்க. ஆனா பயப்படறவர். பாதி ஹெட்மாஸ்டருங்க பயப்படறவங்கதான், தோ, பின்னாடி குந்திகினு இருக்காங்க, கேளுங்க. நாளைக்கு யாராவது ஏன் உட்டேன்னு கேட்டா, சட்டம் இருக்குதுன்னு சொல்ல அவங்களுக்கு ஒண்ணு வேணும்ங்க. அவங்க சாஞ்சி நிக்க ஒரு செவுரு. எனக்காக கேக்கல, இவருக்காக கேக்கறேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. டேவிட்சன் சாருக்குக் காது இரண்டும் சுட்டது. ஊர்முன்னால் பெண்டாட்டி தன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டாள். ஆனால் எவ்வளவு பிரியமாகச் சொல்லிவிட்டாள்! கோபப்படலாமா என்று பார்த்தார், வரவில்லை. 

"என்ன சார்," என்றார் தலைவர், "அம்மா சொல்றது சரிதானா?"

இதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. டேவிட்சன் சார் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சரிதாங்க. சட்டம் வந்தா பயப்படாம பண்ணுவேன். அது வர்ற வரைக்கும்… பயந்துகினே பண்றேங்க. எங்க மேலாண்மைக் குழுத் தலைவிய இன்னைக்கே போய் கேக்கறேன்."

மனுவை ஏற்றுத் துறைக்குப் பரிந்துரைப்பதாகத் தலைவர் சொன்னார். துறை பதில் எழுத வேண்டும், அப்புறம் சட்டசபைக்குப் போக வேண்டும், ஆடிக்குள் ஆகிற காரியமில்லை என்றும் சொன்னார். யூனிஸ் கைகூப்பினாள். அவள் அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். அடுத்த மாதம் சென்னைக்கே போய்க் கேட்பதாக வெளியே வந்ததும் கந்தன் மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டேவிட்சன் சார் நிற்கவில்லை. நின்றால் தைரியம் ஆறிவிடும் என்று அவருக்கே தெரியும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பிரேமாவின் ஊருக்குப் போனார். பிரேமா கொல்லையில் வேர்க்கடலை காய வைத்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் வீடு தேடி வந்ததும் அவள்தான் பயந்துபோனாள்.

"இன்னா சார், பசங்களுக்கு இன்னாவாவது ஆயிடுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா." நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். நீலத் துண்டு, யூனிஸ், சிலம்ப மாஸ்டர், பதினைந்து நிமிஷம், கூட ஒரு வாத்தியார், பெற்றவர்கள் கையெழுத்து, எந்தச் சாமி பேச்சும் கிடையாது, வேண்டாம் என்றால் இப்போதே விட்டுவிடலாம் என்று முன்னும் பின்னுமாக உளறினார். பிரேமா கடலையைக் கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கிருத்திகையில கழுத்துல துண்டு கட்டிகினு நிப்பாங்களே, அந்தப் பசங்களா?"

"ஆங், அவங்கதான்."

"அதுல நம்ம ஊரு பசங்களையும் சேத்துப்பாங்களா? டவுனு பசங்கள மட்டும்தான்னு இல்ல நான் நெனச்சிகினு இருந்தேன். எங்க மோனிகா வருசா வருசம் அவங்க பின்னாடியே போவும் சார். நானும் சேரணும்மா, யார்கிட்டம்மா கேக்கணும்னு ஒரே அழுகை. எனக்கு இன்னா தெரியும், யாரைப் போய் கேக்கறது? பத்தாவது முடிச்சி டவுனு ஸ்கூலுக்கும் போயிடுச்சி. இப்பல்லாம் கேக்கறதே இல்ல." குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "திங்கக்கிழம அக்காவ வரச் சொல்லுங்க. சிலம்பக்காரரையும் வரச் சொல்லுங்க. நானும் வந்து குந்தறேன். எவன் இன்னா கேக்கறான்னு பாக்கறேன்."

டேவிட்சன் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவுதானா என்று இருந்தது.

"ஏன் சார்," என்றாள் பிரேமா, "உங்க வீட்டுலயே இருந்திருக்குது. இத்தினி வருசமா ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"பயந்துட்டேம்மா."

"யாருக்கு சார்?"

"உங்களுக்குத்தாம்மா."

பிரேமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடலை மேலேயே உட்கார்ந்துவிடுகிற அளவுக்குச் சிரித்தாள். "எனக்கா? நான் இன்னா சார், புலியா?" அவரும் அசட்டுத்தனமாகச் சிரித்தார். அப்புறம் அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. வீட்டுக்குள் மோனிகா யாருடனோ போனில் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. பிரேமா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு இவரைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கலாமே சார்," என்றாள்.